தனியாக இறங்காதே தாயி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பருவமழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, உளுந்து பூத்திருக்கிறது. மற்ற சேதியெல்லாம் அடுத்த கடிதத்தில்.

கனடாவில் சம்பந்தியின் பழைய வீட்டு நிலவறையைக் காலி பண்ணப் போவதாகச் சொல்லி ஒரு படம் அனுப்பி, "இது என்னதுப்பா?" என்று கேட்டிருந்தாய். அப்புறம் சத்தத்தையே காணோம். அறுவடை முடிந்ததும் மாப்பிள்ளை எண்ணெய் வயல் வேலைக்குப் போய்விட்டார் என்று சம்பந்தி சொன்னார். உனக்கும் வேலை இருக்கும், இருக்கட்டும். முதலில் ஒன்று: அந்த அறைக்குள் தனியாக இறங்காதே.

ஏனென்றால் அங்கே எலிப் புழுக்கை கிடக்கும். முதுகு பழுப்பும் வயிறு வெள்ளையுமாக அந்த ஊரில் ஒரு காட்டெலி உண்டே, அது ஹந்தா வைரஸைச் சுமக்கும். காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசியோடு மூச்சில் ஏறி நுரையீரலைப் பிடிக்கும். கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காற்றாட விடு. பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, சொட்டச் சொட்ட நனைத்து, பத்து நிமிஷம் ஊறிய பிறகு ஈரத்தோடு காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டு. துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். கையுறையும் என்-95 முகக்கவசமும் போட்டுக்கொள்.

கண்ணாடி ஜாடிகளில் இறைச்சியோ பீன்ஸோ மிச்சமிருந்தால் முகர்ந்துகூடப் பார்க்காதே. அந்தக் காலத்தில் கொதிநீரில் மூன்று மணி நேரம் வைத்து மூடிவிடுவார்கள். கெட்ட உணவில் ஆளைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்து 100 டிகிரிக்குச் சாகாது. அழுத்தத்தில் 116 டிகிரி வரை ஏற்றினால்தான் சாகும். மூடி உப்பாமல் இருப்பதை நம்பாதே. லேபிள் இல்லாத டின்னையும் திறக்காதே. கோதுமையைத் தின்னும் தரை அணிலுக்கு ஸ்டிரிக்னின் விஷம் வைத்த மண் அது.

இனி நீ கேட்டது. படத்தில் கம்பியில் கோத்திருக்கும் அந்தத் தகரக் கூம்புகள், பாலைச் சுழற்றிக் கிரீமைப் பிரிக்கும் கிரீம் செப்பரேட்டரின் தட்டுகள். கறந்த சூடு ஆறுவதற்குள் பாலை மேல் தொட்டியில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நிமிஷத்துக்கு அறுபது சுற்று. வேகம் போதாதவரை கைப்பிடியில் உள்ள சின்ன மணி அடித்துக்கொண்டே இருக்கும்; மணி நின்ற பிறகுதான் பாலைத் திறக்கலாம். அவசரப்பட்டால் கிரீம் பிரியாமல் கழிவுப் பாலோடு கன்றுக்குப் போய்விடும். தட்டுகளுக்கு வரிசை உண்டு, மாறினால் அவை சுழலும் கிண்ணம் ஆடும். அதனால்தான் கழுவும்போதும் கம்பியில் கோத்தபடியே கழுவுவார்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகுதான் சோடா போட்ட வெந்நீர். எடுத்த எடுப்பில் வெந்நீர் விட்டால் பால் வெந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வேளை கழுவாவிட்டால் அடுத்த கிரீம் புளிக்கும், தரம் இறங்கும், கிரீமை விற்று வரும் காசோலையும் குறையும். காலையும் மாலையும் இந்த வேலை, எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. கழுவியவர் சம்பந்தியின் அம்மா.

அந்தக் காசோலையில்தான் வீடு ஓடியது. கோதுமைப் பணம் வருஷத்துக்கு ஒரு முறை. 1950-களில் விளைந்ததையும் விற்க முடியவில்லை. கனடா அரசின் கோதுமை வாரியம் கோட்டா வைத்துத்தான் வாங்கியது, மிச்சம் பண்ணையிலேயே கிடந்தது. சர்க்கரை, தேயிலை, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் செருப்பு எல்லாம் கிரீமிலும், 1945 முதல் தாயின் கைக்கு அரசு தந்த குழந்தைப் படியிலும்தான். பிள்ளைக்கு மாதம் 5 முதல் 8 டாலர். சம்பந்தியின் அப்பா நிலத்தைக் காப்பாற்றினார். புழுதிக் காற்றில் வளர்ந்தவர், அதனால் அறுத்த பயிரின் தாளடியைப் புரட்டாமல் மண்ணுக்கு அடியிலேயே களையை அறுக்கும் நோபிள் பிளேடைப் பூட்டினார். உன் படத்தின் ஓரத்தில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் நீள இரும்பு அதுதான். சம்பந்தி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள். ஆனால் வயிற்றைக் காப்பாற்றியது அந்த அம்மாளின் கை.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கிரீம் வாரக்கணக்கில் காத்திருக்காது. ஐந்து காலன், எட்டு காலன் கேனை கிணற்றிலோ நிலவறையிலோ குளிரில் வைத்து, டவுனுக்குக் கொண்டு போயே தீரவேண்டும். போனால் நாலு பேரைப் பார்க்காமல் வரமுடியாது. தொலைபேசி ஒரே கம்பியில் பல வீடுகளுக்கு. உன் வீட்டுக்கு இத்தனை நீள மணி, இத்தனை குட்டை மணி என்று கணக்கு. விடாமல் நீளமாக அடித்தால் ஊருக்கே ஆபத்துச் சேதி, எல்லாரும் எடுப்பார்கள். கரண்ட் இல்லாத அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு வாரம் சத்தமில்லை என்றால் பக்கத்துப் பண்ணை வண்டி பூட்டிக்கொண்டு வந்து நிற்கும். இன்று உன் வீட்டில் எல்லாம் இருக்கிறது, அப்படித் தேடி வரும் ஆள் இல்லை. லாரி தானியத்தை நேராக ஏற்றிக்கொண்டு போகிறது, பால் கடையிலிருந்து வருகிறது.

வீடுகள் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதற்கு நிலம் அளந்தவர்களும் ஒரு காரணம். 1872-ல் கனடா போட்ட நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டி 160 ஏக்கர் வாங்கியவன் மூன்று வருஷம், வருஷத்துக்கு ஆறு மாதமாவது, அந்த நிலத்திலேயே குடியிருந்தால்தான் பட்டா. நம் கரிசல் காட்டில் ஊர் ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். பொழுது சாய்ந்தால் எல்லாரும் ஊருக்குத் திரும்புவோம். அங்கே ஆளுக்கொரு காட்டில் ஆளுக்கொரு வீடு. ஸ்விஃப்ட் கரண்ட் என்ற ஊருக்குத் தெற்கே மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் தனிச் சலுகை கேட்டு வாங்கி, கிராமமாகச் சேர்ந்து குடியேறினார்கள். விவரமானவர்கள்.

மைனஸ் நாற்பதில் என் மகள் ஒரு பண்ணையை நடத்துகிறாள் என்று நான் சொல்லாத ஆள் நம் தெருவில் இல்லை. நேற்று உரக்கடையில்கூடச் சொன்னேன். "போன வாரம் பேசினாளா?" என்று கடைக்காரர் கேட்டார். என்ன சொல்ல? பேசினாள் என்றேன். உன் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன்னைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு நேரத்துக்கு நடக்கட்டும். பகல் குறுகிப் போனால் மனசும் குறுகும், அது குளிர்நாட்டில் யாருக்கும் வருவதுதான். வந்தால் டாக்டரிடம் சொல்வதில் வெட்கம் எதற்கு? என்னிடம் சொல்ல வேண்டாம் என்றால் அம்மாவிடம் சொல், அம்மாவிடமும் வேண்டாம் என்றால் உன் அக்காவிடம் சொல்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் ஒரு வயதான அம்மா இருக்கிறார் என்பாயே, சனிக்கிழமை அவரைக் கூப்பிடு. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று காட்டுங்கள் என்று கேள். அந்த வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளையில் செப்பரேட்டர் கழுவாமல் தப்பியிருக்க மாட்டார்கள். கிண்ணத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது இத்தனை வருஷத்தில் காய்ந்து விறைத்திருக்கும். புதிது போடாமல் ஊற்றினால் பால் ஒழுகும். முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அவர் வந்த பிறகு இறங்கு. தனியாக இறங்காதே. இறங்கும் முன்னால் ஒரு போன், ஏறிய பின்னால் ஒரு போன். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
அப்பா