இ இல்லாத கடிதங்கள்

அம்பாசமுத்திரம்
கார்த்திகை 14

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மதினியின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குக் கல்லூரிப் பரீட்சை முடிந்ததா?

போன மாதம் உங்களுக்கு வாட்ஸாப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அம்மாவின் பென்ஷனுக்காக அலைந்ததை எல்லாம் எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ரயிலில் நின்றுகொண்டே பார்த்திருப்பீர்கள், மும்பையில் உங்கள் அவசரம் எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வருத்தமாக இருந்தது அண்ணாச்சி. 2004-ல் நான் ஒரு வரி கேட்டால் மூன்று பக்கம் பதில் எழுதின ஆள் நீங்கள். அதனால்தான் இன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மெயிலாக எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை நன்றாக இருக்கிறது. பிசான நடவு பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தால் அக்கரையில் உங்கள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் எல்லாம் பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. தாமிரபரணி கலங்கல் தெளிந்து ஓடுகிறது. தீபத்துக்குப் பனையோலை வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கருப்பட்டி வாங்கியாயிற்று. ஓலைக் கொழுக்கட்டை அவிக்கிறபோது வீட்டில் எழும் அந்த வாசனைக்கு நீங்கள் எத்தனையோ முறை ஏங்கி எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் எந்த மெயிலிலும் வைத்து அனுப்ப முடியவில்லை.

எங்கள் தெருவில் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டினவர்கள் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கடையில் இணைப்பு இல்லை. போனில் இருந்து நெட் எடுத்து ஓட்டினேன். புகார் எண்ணுக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது, கடைசி வரைக்கும் மனுஷக் குரல் வரவே இல்லை. பத்தாம் நாள் ஒரு பையன் ஏணியோடு வந்தான், இருபது நிமிஷத்தில் சரி செய்துவிட்டான். அந்தப் பையனை முதல் நாளே அனுப்பியிருக்கலாம்.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அதை உங்களுக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.

அம்மா முக்கூடல்காரி என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் சொளவைத் தூக்கி மடியில் வைத்தவள், அறுபது வரைக்கும் பீடி சுற்றினாள். நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் போட்டு உருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுவாள். நாளைக்கு ஆயிரம் பீடி. என் பள்ளிக்கூடப் பீஸ், தட்டச்சுப் பரீட்சைக் கட்டணம், கடைக்கு முதல் கம்ப்யூட்டர் எல்லாம் அந்தச் சொளவில் இருந்து வந்ததுதான். அதற்குக் கிடைத்த பி.எஃப். பென்ஷன் இப்போது மாதம் 1000 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1000 என்று ஆக்கினார்கள், இன்றும் அவளுக்கு அதுதான் வருகிறது. தொகை சின்னதாக இருக்கலாம். என் காசு என்று அவள் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். அதில் இருந்து எடுத்துத்தான் பேரப்பிள்ளைகளுக்குப் பொங்கல் காசு கொடுக்கிறாள்.

அந்தப் பென்ஷனுக்கு வருஷம் ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் இருந்து இதை டிஜிட்டலாகவே கொடுக்கலாம், ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் போதும். விரல் உள்ளவர்களுக்கு நல்ல வசதிதான். அம்மாவுக்கு விரல் இருக்கிறது, ரேகை இல்லை. ஐம்பது வருஷமாக இலையும் நூலும் கத்தரியும் உரசி உரசி நுனி எல்லாம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தேய்த்து வைத்த கிண்ணம் மாதிரி பளபளக்கிறது. வலது சுட்டுவிரலில் நூல் இழுத்த தடம் மட்டும் ஒரு பள்ளமாக இருக்கிறது.

சான்று பதிகிற மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பெண் நல்ல பிள்ளை, கோபப்படவே இல்லை. "ஆச்சி, ஈரத்துணியில தொடச்சிட்டு வைங்க" என்றாள். துடைத்து வைத்தோம். சிவப்பு விளக்கு. எண்ணெய் தடவிப் பார்த்தோம். பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அம்மா கையை எடுத்துச் சேலை முந்திக்குள் மறைத்துக்கொண்டாள். அதை என்னால் மறக்க முடியவில்லை அண்ணாச்சி. ஏதோ தப்புச் செய்த கை மாதிரி மறைத்தாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நான் இருக்கேன்னு நான் சொன்னா போதாதாய்யா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மூன்று முறை அப்படிப் போய்த் திரும்பினோம். அப்புறம்தான் முகத்தைக் காட்டியே பதிகிற வசதி 2021-லேயே வந்துவிட்டது, சொந்தப் போனிலேயே செய்யலாம் என்று எனக்குத் தெரியவந்தது. கம்ப்யூட்டரோடேயே கிடக்கிற எனக்கே இத்தனை தாமதமாகத் தெரிந்ததே என்று என்மேல்தான் ஆத்திரம் வந்தது. பெட்டிக்கு முன்னால் உட்காரவே பயப்படுகிற மற்ற பீடிக்காரப் பெண்கள் என்ன செய்வார்கள்?

வீட்டுத் திண்ணையில் காலை வெயில் விழுகிற இடத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். போனில் இருந்த செயலி முதலில் என் முகத்தைக் கேட்டது, அப்புறம் அவள் முகம். "கண்ணை இமையுங்கள்" என்று திரையில் வந்தது. அம்மாவுக்கு இமைக்கச் சொன்னால் இமைக்க வரவில்லை. படம் பிடிக்கிறார்கள் என்றால் கண்ணை அகல விழிக்க வேண்டும் என்பது அவள் பழக்கம். "அம்மா, கண்ணைச் சிமிட்டு" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தபோது தானாகக் கண் மூடித் திறந்தது. பச்சை விளக்கு. கொஞ்ச நேரத்தில் எண்ணோடு செய்தி வந்தது. அதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கடைக்கு வருகிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வரச் சொல்லியிருக்கிறேன். காசு வாங்குவதில்லை.

சரி, இனிமேல்தான் உங்கள் சங்கதி.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அப்போது எங்களுக்குப் போனும் இல்லை, கரண்டும் இல்லை, நீங்கள் அங்கே நாலு நாள் தூங்காமல் கிடந்தீர்கள். கடைக்குள் முழங்கால் தண்ணீர். நனைந்த அட்டைப்பெட்டிகளைக் காயவைத்துப் பரணில் ஏற்றினதோடு சரி, திறக்கவில்லை. இணைப்பு இல்லாத அந்த ஒன்பது நாளில்தான் திறந்தேன். ஒரு பெட்டியில் பழைய சிடிகள். மேலே மையால் எழுதினது கரைந்துவிட்டது. வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றைப் போட்டுப் பார்த்தால் உங்கள் கடிதங்கள். 2004-ல் இருந்து 2007 வரை, இருநூறுக்கு மேல்.

திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. நாம் அப்போது திஸ்கியில், அதுதான் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில், எழுதிக்கொண்டிருந்தோம். அதில் இருந்ததே 256 இடம், முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதியில்தான் நம் எழுத்து. அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர் அந்த இடங்களில் கொம்பும் தொப்பியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டுகிறது. நீங்கள் இணைத்து அனுப்பிய சில கோப்புகள் தட்டச்சுப் பலகை முறையில் அமைந்த பாமினி எழுத்துருவில் இருந்தன. அவை எனக்குச் சிரமமே இல்லை. தட்டச்சுப் பயிலகத்தில் ‘யளனகபக’ அடித்துப் பழகின விரல் அல்லவா? திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நின்றால் அது ‘அம்மா’ என்று கண்ணுக்கு முன்னால் விரல் வாசித்துவிடும்.

திஸ்கிக் கடிதங்களை, இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக இருக்கிற யூனிகோடு முறைக்கு மாற்றினேன். தமிழ் வந்தது. ஆனால் வாசித்தால் என்னமோ போல இருந்தது. "அன்புள்ள தம்பி, ங்கே எல்லோரும் நலம். ன்று காலைதான் உன் கடிதம் படித்தேன். னி அடிக்கடி எழுதுகிறேன்." எங்கே பார்த்தாலும் இ இல்லை. அ இருக்கிறது, ஆ இருக்கிறது, ஈ இருக்கிறது. இ மட்டும் இல்லை.

காரணம் பிடிபட இரண்டு ராத்திரி ஆயிற்று. திஸ்கியில் அ 171, ஆ 172, இ 173. கம்ப்யூட்டர் உலகத்தில் 173-ம் இடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, வரி உடையும் இடத்தில் மட்டும் தலைகாட்டும். அதனால் பல நிரல்கள் அதைக் காட்டாமலே விட்டுவிடும். பின்னால் இதற்காகவே இ-க்கு வேறு ஒரு இடமும் கொடுத்தார்கள். நாம் எழுதினது அதற்கு முந்தின முறையில். மெயிலில் இருந்து நான் நகல் எடுத்துச் சேமித்தபோது எங்கேயோ இ எல்லாம் உதிர்ந்திருக்கிறது. இன்று யூனிகோடில் இ-க்கு 2951 என்று யாரும் தொடாத தனி எண் இருக்கிறது. அன்றைக்கு இருந்த நெருக்கடியில் நம் இ மாட்டிக்கொண்டது.

தானாகத் திருத்த ஒரு சின்ன நிரல் எழுதலாமா என்று பார்த்தேன். பாதிதான் சரியாகும் என்று பட்டது. அதனால் கையாலேயே போடுகிறேன். தினம் கடை சாத்தின பிறகு மூன்று கடிதம். ‘ருக்கிறேன்’ என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு இ. உங்கள் அப்பா போனபோது எழுதின கடிதத்தில் மட்டும் அப்படி நாற்பத்தொரு இடம். ‘அவர் ல்லாத வீடு’ என்று ஒரு வரி இருந்தது. அங்கே இ போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அதைப் படித்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, ஆறுதல் என்று என்னவோ எழுதி அனுப்பினேன். அப்பாவை நானும் இழந்தபிறகு இப்போது படிக்கையில்தான் நீங்கள் சொன்னது என்ன என்று விளங்குகிறது.

இப்படியே நூற்று முப்பது கடிதம் முடித்துவிட்டேன். முடிந்ததும் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்து, தைத்து, உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. சிடி போடுகிற பெட்டியே இப்போது கம்ப்யூட்டரில் வருவதில்லை. கடையில் இருக்கிற ஒரு பழசும் எத்தனை நாளைக்கு? தாளை எந்தப் பிள்ளையும் திறக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2005-ல் பாப்பா பிறந்து பதினாறாம் நாள் எழுதின கடிதம். திரையில் இப்படி இருக்கிறது: "பாப்பாவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். மை நல்ல கறுப்பு. பார்த்துக்கொண்டே ருக்கிறேன்."

கடைசிச் சொல்லுக்கு இ போட்டுவிட்டேன். நடுவில் இருப்பது மையா, இமையா அண்ணாச்சி? ஆச்சி உரசி வைத்த மையைச் சொன்னீர்களா, பிள்ளையின் இமையைச் சொன்னீர்களா? இரண்டுமே பொருந்துகிறது. என் வீட்டுக்காரி மை என்கிறாள், அம்மா இமை என்கிறாள். நான் அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுதுங்கள். கட்டைவிரல் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி