பன்றியைக் கூறு போட்டவன் கூ ஹுலின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் பழைய வீரக்கதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, லென்ஸ்டர் அரசன் மக் தா தோ வீட்டு விருந்தில் பன்றியை, அல்ஸ்டரின் பெருவீரன் கூ ஹுலின் கூறு போட்டதாகச் சொல்கிறது. அந்தக் கதையில் கூ ஹுலின் தலைகாட்டுவதே இல்லை. கலகமூட்டி பிரிக்ரியுவின் விருந்துக் கதையும் இதுவும் கலந்துவிட்டன. இரண்டிலும் ஏழாண்டு ஊட்டி வளர்த்த பன்றி, இரண்டிலும் அல்ஸ்டர் வீரன் கோனல் கெர்னாக் என்பதால் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் சண்டை எதற்காக என்பது வேறு வேறு.

பிரிக்ரியு வீட்டில் போட்டி, 'குரத்மீர்' என்ற முதல் வீரனுக்கான பங்குக்கு. அதில் என்னென்ன என்று கதை கணக்காகவே சொல்கிறது. மூன்று வீரர்கள் இறங்கி நிற்கக்கூடிய தொட்டி நிறைய மது. வசந்தத்தில் பாலும் கஞ்சியும், கோடையில் தயிரும் பாலும், இலையுதிர்காலத்தில் கொட்டைப் பருப்பும் கோதுமையும், குளிர்காலத்தில் இறைச்சியும் சாறும் தின்று வளர்ந்த பன்றி. ஏழு வயது மாடு ஒன்று. தேன் சேர்த்துச் சுட்ட 100 ரொட்டி. அதற்கு 25 மூட்டை கோதுமை, மூட்டைக்கு நாலு ரொட்டி. (பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது.) இதை லோயகரே, கோனல், கூ ஹுலின் என்ற அல்ஸ்டர் வீரர்கள் மூவரிடமும் தனித்தனியே போய் "உனக்குத்தான்" என்று பிரிக்ரியு ஓதிவைக்கிறான். பந்தியில் மூவரின் தேரோட்டிகளும் எழுந்து பங்கு கேட்க, வாள் உருவப்படுகிறது. கடைசியில் வெல்பவன் கூ ஹுலின்.

மக் தா தோ வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்தவர்கள், பகை நாடுகளான அல்ஸ்டர், கொனாக்ட் இரண்டின் வீரர்களும். ஒதுக்கிவைத்த பங்கு எதுவும் இல்லை. அங்கே போட்டி கத்திக்கு. யார் கூறு போடுகிறானோ, யாருக்கு எவ்வளவு என்பது அவன் கையில். கொனாக்ட் வீரன் கெட், கத்தியோடு பன்றிப் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஈடு கொடுப்பவன் வா" என்கிறான். எழுந்து வரும் அல்ஸ்டர்க்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பழைய அவமானத்தை எடுத்துச் சொல்லி உட்கார வைக்கிறான். ஒற்றைக்கண் யோகனிடம் அவன் சொல்வது: மாடு பிடிக்க வந்தபோது நீ எறிந்த ஈட்டி என் கேடயத்தில் குத்தி நின்றது, அதையே பிடுங்கித் திருப்பி எறிந்தேன், உன் கண் போயிற்று.

பிறகு கோனல் நுழைகிறான். "நீ என்னைவிடப் பெரிய வீரன்தான்; என் சகோதரன் அன்லூஅன் இங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்கும்" என்கிறான் கெட். "இருக்கிறானே" என்று கோனல் இடுப்பிலிருந்து அன்லூஅனின் தலையை எடுத்து, கெட்டின் நெஞ்சில் வீசுகிறான். கெட்டின் வாயிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. இதற்கு மேல் பேச்சில்லை.

கோனல் கூறு போட்ட லட்சணம்தான் அடிதடிக்குக் காரணம். ஒன்பது பேர் தூக்கும் அடிவயிற்றுப் பகுதியைத் தானே உறிஞ்சித் தின்றுவிட்டு, கொனாக்ட் கூட்டத்துக்கு இரண்டு முன்னங்கால்களை மட்டும் தள்ளினான். ஆனால் வினை அதற்கு முன்பே விதைத்தாயிற்று. இரண்டு நாட்டுக்காரரும் கேட்ட அல்பே என்ற ஒரே நாயை, மனைவி சொன்ன யோசனைப்படி, இரு தரப்புக்கும் தருவதாகச் சொல்லி, இருவரையும் ஒரே நாளில் வரவழைத்தவன் மக் தா தோ.

இதை "வீரத்தின் புகழ்ப்பாட்டு" என்று கட்டுரை சொல்வதையும் ஏற்க முடியவில்லை. கதை முழுக்க நையாண்டி. முடிவைப் பாருங்கள். அந்த நாயின் தலையை வெட்டிய, கொனாக்ட் அரசனின் தேரோட்டி ஃபெர் லோகா புதரில் பதுங்கியிருந்து, அல்ஸ்டர் அரசன் கொன்கோபரின் தேரில் பின்னாலிருந்து தாவி அவன் கழுத்தைப் பிடிக்கிறான். உயிருக்கு விலையாகக் கேட்டது பொன்னோ நிலமோ அல்ல. அல்ஸ்டரின் கன்னிப்பெண்கள் தினமும் மாலையில் தன்னைச் சுற்றி நின்று, "ஃபெர் லோகா என் ஆசைக் காதலன்" என்று பாட வேண்டுமாம். ஓராண்டு அப்படியே நடந்தது. பிறகு பொற்கடிவாளம் பூட்டிய இரண்டு குதிரைகள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை