வெளியே நின்றபடி எடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. வழக்கமாக ஒரு மாதம் இழுத்தடிக்கிற நான் மறுநாளே பதில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அந்த மாத்திரை விஷயத்தைப் பேசிவிடுவோம்.

'மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது' என்று சொல்லி யாரோ உனக்கு மனச்சோர்வுக்கென்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரை வாங்கித் தந்ததாக எழுதியிருக்கிறாய். அதைத் தொடாதே. நீ ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவன். அந்த மூலிகை கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகச் சிதைக்கும். வார்ஃபரினின் வேலை குறைந்தால், எதற்காக அதைச் சாப்பிடுகிறாயோ அந்த ரத்த உறைவு ஆபத்து திரும்ப வந்து நிற்கும். ஒன்றிரண்டு போட்டுவிட்டாய் என்றால் இன்றே உன் டாக்டருக்குச் சொல், அவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைச் சேர்த்தால் மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் எகிறிவிடும், அது இன்னொரு ஆபத்து. லேசான மனச்சோர்வுக்கு இது பலன் தந்ததாக ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலன் தருகிற எதுவும் மருந்துதானே? இலையிலிருந்து வந்தால் என்ன, ஆலையிலிருந்து வந்தால் என்ன.

சரி, இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். 'வானம் இருண்டால் எனக்குள்ளும் யாரோ விளக்கை அணைத்துவிடுகிறார்கள்' என்று எழுதியிருந்தாய். விடுதியிலும் நீ இப்படித்தான். அடைமழை பிடித்தால் போர்வைக்குள் போய்விடுவாய். நான் சோம்பேறி என்று கேலி செய்திருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று வருடமாக அது எனக்கும் வருகிறது.

எனக்கு வருவது தெரிந்ததே தற்செயலாகத்தான். பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியபோது, ஒவ்வொரு வருடமும் அதே ஐந்தாறு வாரங்களில் பக்கங்கள் காலியாக இருந்தன. அதற்கு முந்தைய பக்கங்களில் ஒரே புலம்பல்: எழுந்திருக்க முடியவில்லை, இனிப்பைக் கண்டால் கை நிற்கவில்லை, யார் போனும் எடுக்கப் பிடிக்கவில்லை. என் குணமே மாறிவிட்டதென்று நினைத்திருந்தேன். தேதிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் இது பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிற விருந்தாளி என்று புரிந்தது. நீயும் ஒரு நாட்காட்டியில் தினமும் மனநிலைக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு வா. இரண்டு பருவம் தாண்டினால் உனக்கே தெரிந்துவிடும்.

இதற்குப் பெயர் வைத்த கதையும் சுவாரசியமானது. நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர் 1976இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குப் போனார். குளிர்காலம் வந்ததும் தானே துவண்டு போவதையும், வசந்தத்தில் மீள்வதையும் கவனித்தார். அவரும் சகாக்களும் 1984இல் பருவகால மனச்சோர்வு என்று இதை விவரித்து எழுதினார்கள், பளிச்சென்ற விளக்கொளியைச் சிகிச்சையாகவும் சோதித்தார்கள். நமக்கு வருவது அதே நோய்தான் என்று நான் சொல்லவில்லை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வெளிச்சம் என்ற அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே வந்தேன்.

உன் சந்தேகப் புத்தி எனக்குத் தெரியும், அதனால் எண்களோடு சொல்கிறேன். போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். துல்லியம் குறைவுதான், ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். நான் நாள் முழுக்க உட்காரும் மேசையில் 140 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அறை நல்ல வெளிச்சமாக இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்! ஜன்னலோரம் 900. வெளியே, சூரியனே தெரியாத மூட்டத்தின் கீழ், 8,000. ஒளிச்சிகிச்சை விளக்குகள் தருவது 10,000 லக்ஸ், அதன் முன் காலையில் அரை மணி உட்காரச் சொல்வார்கள். அந்த விளக்கில் முக்கால் பங்குக்கு மேல் மேகத்துக்குக் கீழேயே கிடக்கிறது, நாம்தான் உள்ளே இருக்கிறோம். கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

உறைக்கிற செல்கள் வேறு. விழித்திரையில், உருவம் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002 வாக்கில்தான் உறுதியானது. அவை மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்கு நேரடியாகச் சேதி அனுப்புகின்றன. அந்தக் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறது. அதனால்தான் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய்விடுகிறேன். சூரியனை உற்றுப் பார்க்கத் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும்.

நடையும் அதோடு சேர்ந்துகொண்டது. முதல் வாரம் தெருமுனை வரைதான். இப்போது அரை மணி. இதில் நான் கற்றது ஒன்று உண்டு: மனம் வந்தால் கிளம்பலாம் என்று காத்திருந்தால் அது வரவே வராது. செருப்பை மாட்டி இறங்கிவிட்டால், திரும்பி வரும்போதுதான் பின்னாலேயே வந்து சேரும். சில நாள் அப்போதும் வராது. போன மாதம் நான்கு நாள் தொடர்ந்து நான் எழவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் போனேன், அவ்வளவுதான்.

என் மனைவிக்கு எல்லாம் தலைகீழ். மழையும் பனியும் அவளுக்குக் கொண்டாட்டம், வேனில் வந்தால்தான் பிரச்சினை. பசி போய்விடும், தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல். அரிதென்றாலும் கோடையில் இப்படி ஆகிறவர்களும் உண்டாம். உடம்பின் உள்வெப்பம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும், புழுக்கத்தில் அது இறங்குவதில்லை. அவளுக்கு உதவியது கனத்த திரையும், படுக்குமுன் ஒரு குளியலும், வெயில் ஏறுமுன் முடித்துவிடும் நடையும்தான். என் வைத்தியத்தை அவள்மேல் சுமத்தப் பார்த்து, ஒரு கோடை முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம், வைட்டமின் டி கேட்டிருந்தாய். ரத்தத்தில் குறைவு என்றால் சரிசெய்துகொள். மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மது வேண்டாம். அன்றிரவு இலேசாக்கி மறுநாள் இரட்டிப்பாக வசூலிக்கும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் ஈடுபாடில்லாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலோ, நடையையும் வெளிச்சத்தையும் நம்பிக் காத்திருக்காதே. மருத்துவரிடம் போ, முதலில் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும். ஒளிச்சிகிச்சை விளக்கு வாங்குவதாக இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கும், மனம் அளவு மீறி உச்சத்துக்கும் போய்வருகிறவர்களுக்கும் அது ஆகாமல் போகலாம்.

இங்கே மற்றதெல்லாம் நலம். மகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டாள், வீடு பெரிதாகத் தெரிகிறது. உன் போன் வந்தால் கொஞ்சம் சுருங்கும்.

திங்கள் முதல் தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் உடனே வைத்துவிடுவேன். மழையென்றால் குடையோடு வா, ஆனால் வெளியே நின்றபடி எடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்