பேயாண்டித் தேவனும் உன் தாத்தாவும்

மதுரை

அன்புள்ள ஒச்சு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மதினிக்கு மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். திருப்பூர்த் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாயே, இங்கே இருந்தபோது வைகைத் தண்ணீரைத் திட்டித் தீர்த்தவன் நீதானே. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் நேரத்தில் நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஏசி இருக்கிறது, தூங்கினாலும் யாரும் எழுப்புவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கொடுத்தனுப்பிய ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் நாவலைப் பாதியிலேயே மூடிவிட்டதாகவும், "என் தாத்தாவைத் திருடன் என்று எழுதிவைத்த புத்தகத்தை நான் எதற்கு ரசிக்க வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறாய். அதில் வரும் திருடனுக்குப் பேயாண்டித் தேவன் என்ற பெயரைப் பார்த்ததுமே உனக்குச் சுருக்கென்றிருக்கும். நியாயம்தான். அதை மழுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை மூடியதற்குப் பதிலாகப் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் உன் கோபம் இன்னும் கூர்மையாகியிருக்கும் என்று தோன்றுகிறது. நான் அப்படித்தான் படித்தேன். ஒரு கையில் நாவல், இன்னொரு கையில் பிரான்சிஸ் துரை 1906-இல் எழுதிய மதுரை ஜில்லா கெஜட்டியர், அதாவது சர்க்காரின் ஜில்லா விவரப் புத்தகம்.

ராஜம் ஐயர் 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் 1893-இல் இதைத் தொடராக எழுத ஆரம்பித்தபோது வயது இருபத்தொன்றுதான் இருக்கும். 1895-இல் தொடர் முடிந்தது, 1896-இல் புத்தகமானது, 1898-இல் ஆளே போய்விட்டார். நம் பசங்கள் வேலை தேடி அலைந்த வயதில் அவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். வத்தலக்குண்டிலிருந்து உங்கள் உசிலம்பட்டிக்கு நேர் ரோடு இருக்கிறது. ஆகவே பேயாண்டித் தேவன் எங்கோ கதைப் புத்தகத்திலிருந்து இறக்கிய ஆள் கிடையாது. பக்கத்துக் கள்ளர் நாட்டு மனிதர்களைப் பற்றி அக்ரகாரத்துத் திண்ணையில் பேசிக்கொண்டதைக் கேட்டு வளர்ந்த பையன் படைத்த ஆள்.

அந்தத் திண்ணைக்கு என்ன தெரிந்திருந்தது? எங்கள் பாட்டி சொல்வாள், அறுப்பு முடிந்தால் காவல்காரருக்கு நெல் அளந்த பிறகுதான் மிச்சத்தைக் குதிரில் கொட்டுவார்கள் என்று. அந்தக் காவல்காரர் உங்கள் கள்ளர் ஆட்கள்தான். ஊர் அவர்களுக்குக் காவல் கூலி கொடுக்கும். களவு போனால் அவர்கள் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இது ஒரு ஏற்பாடு. இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும், அப்புறம் துப்புக்கூலி கொடுத்தால் கிடைக்கும். உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உன் பெரியப்பாவே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். பாளையக்காரர்களை அடக்கிய பிறகு வெள்ளைக்காரர் கும்பினி இந்த உரிமையைப் பிடுங்கித் தன் போலீஸிடம் கொடுக்கப் பார்த்தது. காகிதத்தில் உரிமை போனது, ஊரில் வழக்கம் இருந்தது. முன்பு சம்பளம் என்று வாங்கியதையே அதற்குப் பிறகு வாங்கினால் மிரட்டிப் பறித்ததாகிவிட்டது. வேலையைச் சட்டம் எடுத்துக்கொண்டது, பழியை மட்டும் அவர்களிடம் விட்டுவைத்தது.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1896. புத்தகம் அச்சான அதே வருஷம் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில் ஊர்க்காரர்கள் சேர்ந்து 'பண்டு' என்று பணம் போட்டு, மாடு பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து கொடுப்பதாக ஏற்பாடு செய்து, காவல்காரர்களை ஊரைவிட்டே போகச் சொன்னார்கள். பழனி, பெரியகுளம் என்று பரவியது. கலவரமும் ஆனது. (நாவலில் வருகிற தமிழ்ப் பண்டிதர் பெயரும் அம்மையப்ப பிள்ளைதான். காலம் சில சமயம் இப்படிக் கேலி செய்யும்.) சென்னையிலும் மதுரையிலும் இருந்த வக்கீல், குமாஸ்தா வீடுகளில் இந்த நாவலைப் புத்தகமாகப் புரட்டிக்கொண்டிருந்த நாளில் இங்கே காவல் வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன.

உன் தாத்தா பட்ட ரேகைச் சட்டம், அதாவது கைரேகை வாங்கி ஒரு சாதியையே குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டம், இங்கே அதற்கும் பின்னால் வந்தது. 1871-இல் வடக்கே கொண்டுவந்தார்கள், நம் மாகாணத்துக்கு 1911-இல்தான் நீட்டினார்கள். பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள், பதினாறு பேர் செத்தார்கள். 1947-இல் அந்தச் சட்டம் போகும் வரை உன் தாத்தா ராத்திரியில் ஆஜர் கொடுத்துச் சாவடியில் போய்ப் படுத்தார். ஆகவே ராஜம் ஐயர் அந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதவில்லை. வேறொரு விதத்தில் இது இன்னும் மோசம். சட்டம் வருவதற்கு முன்பே வாசகர்களுக்குப் பேயாண்டித் தேவனை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கமலாம்பாளை நாம் புரிந்துகொள்ள அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார். தேவனுக்குப் பெயரே போதுமானதாக இருந்தது.

இன்னொன்றைப் பார். புத்தகத்தின் முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசுவதற்கு வம்பர் மகாசபை என்று பெயரே வைத்திருக்கிறார். வாயால் கட்டிய ஒரு கதை எப்படி வீடு வீடாக நடந்து ஒரு குடும்பத்தையே குலைக்கிறது என்பதைத் தமிழில் அதற்கு முன் யாரும் இவ்வளவு நுட்பமாக எழுதவில்லை. ஒரு வீட்டின் மேல் விழுந்த அபவாதம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கள்ளர் நாட்டின் மேலேயே விழுந்தது தெரியவில்லை. அதை அவர் புத்தகத்தை வைத்தேதான் நான் கண்டுகொண்டேன், ஒச்சு. உன்னையும் முழுக்கப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

கல்யாணக் காட்சியையும் இதே மாதிரிப் படிக்கலாம். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிய சட்டம் 1891-இல் வந்தது, நாடெங்கும் ஒரே கூச்சல். இரண்டு வருஷம் கழித்து இவர் கமலாம்பாளின் மகள் சிறுமி லட்சுமியின் கல்யாணத்தை விருந்தும் கேலியுமாக நடத்துகிறார். பண்டிதர் விஷயம் வேறு. அவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் தொடர் வந்துகொண்டிருந்த 1894-இல்தான் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார் என்பது ஞாபகம் வந்தால் சிரிப்புக் கொஞ்சம் நிற்கிறது. அம்மையப்ப பிள்ளை மாதிரி யமகமும் சிலேடையுமாக வாழ்ந்த மனிதர்களின் காலுக்குக் கீழே தரையே மாறிக்கொண்டிருந்தது. 1901-இல் இதே மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தவர் பாண்டித்துரைத் தேவர் என்பதையும் உன் கோபத்தோடு சேர்த்து வைத்துக்கொள்.

பின்பாதியில் வேதாந்தம் பேசுகிறார். எனக்கு அது அலுப்புத்தான். விவேகானந்தர் சிகாகோ போன வருஷத்தில் தொடங்கிய தொடர், எழுதியவரோ பிறகு வேதாந்தப் பத்திரிகையான பிரபுத்த பாரதாவுக்கு ஆசிரியராகப் போனவர். வேறு எப்படி முடிப்பார்? அந்தப் பக்கங்களை நீ வேகமாகத் தள்ளினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நீ படித்த கள்ளர் பள்ளியைப் பற்றியும், தாத்தா படுத்த சாவடியைப் பற்றியும் நீ வாயால் சொன்னதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் போக வேண்டும், யார் பெயர் கூப்பிடுவார், அவசரத்துக்கு வெளியூர் போவதென்றால் யாரிடம் சீட்டு வாங்க வேண்டும், இதையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பு. மதினியையும் கேள், அவர்கள் வீட்டுப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அரப்பாளையத்தில் பஸ் ஏறி வத்தலக்குண்டு போய், அங்கிருந்து உசிலம்பட்டி வழியாகப் பெருங்காமநல்லூர் நினைவுத்தூண் வரை போய் வரலாம். சாப்பாட்டுச் செலவு உன்னுடையது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பாதே. தபால் செலவு வீண்.

அன்புடன்,
வைத்தி