மெக்சிகோ கல்லறை விழா: செல்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் 'இறந்தோர் நாள்' விழாவைக் காண விரும்புவோர் தலைநகர் ஊர்வலத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அது 2016இல்தான் தொடங்கியது. வழிபாடு நடப்பது வீட்டுப் படையலிலும் கல்லறையிலும்தான்.

மிச்சோவாகான் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரிப் பகுதியில் புரேபெச்சா மக்கள் நவம்பர் 1 இரவு விடிய விடியக் கல்லறைகளில் விழித்திருக்கிறார்கள். ஏரிக்குள் உள்ள ஹனித்சியோ தீவுக்குப் படகில்தான் செல்ல முடியும். அன்று படகுத்துறையில் வரிசை மிக நீளம். ஏரிக்கரை ஊரான சின்சுன்சானுக்குச் சாலை உண்டு, திரும்புவதும் எளிது. அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பகுதி; கம்பளி உடை இல்லாமல் நள்ளிரவைத் தாங்க முடியாது.

படையலில் தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, 'கோபால்' என்னும் மரப்பிசின் புகை, 'பான் தே முவெர்தோ' ரொட்டி இருக்கும். நெடுந்தூரம் வரும் ஆன்மாவின் தாகத்துக்கே அந்தத் தண்ணீர். வழிகாட்டுவது செம்பசூசில் பூ; அதன் இதழ்களைப் பாதையாகத் தூவுவார்கள். நம் துலுக்கச் சாமந்திதான் அது, பூர்வீகமே மெக்சிகோ! அந்த இதழ்ப் பாதையைப் பயணிகள் தெரியாமல் மிதித்துவிடுகிறார்கள். இருட்டில் சமாதி எது, நடைபாதை எது என்று புரியாததே காரணம். சிறிய கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடித்து நடங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். படமெடுக்குமுன் "புவேதோ?" (எடுக்கலாமா?) என்று கேளுங்கள், தலையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். அங்கே அமர்ந்திருப்பவர் தன் தாய்க்காகவோ பிள்ளைக்காகவோ விழித்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்