அப்பாவின் மார்ஃபினும் உன் திருப்பதி மாத்திரையும்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சீனு,

நாலு மாதமாகப் போனை எடுக்காததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அம்மா சுமார். பையன் பத்தாவது. அப்பாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்துவிட்டது.

வலிக்காக டாக்டர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரையைப் பத்து நாள் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். "அது அபின்டா, அடிமையாயிடுவார்" என்றார் செம்பூர் சித்தப்பா. அவரைத்தான் உனக்குத் தெரியுமே. நானும் நம்பினேன். பத்து ராத்திரியும் அப்பா முனகினார், சீனு. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

டாக்டர் திட்டவில்லை, உட்காரவைத்து விளக்கினார். நரம்பு செல்களின் மேல் மியூ, டெல்டா, கப்பா என்று ஏற்பிகள் இருக்கின்றன; சாவிக்குக் காத்திருக்கும் பூட்டு மாதிரி. மார்ஃபின் முக்கியமாக மியூவில் ஒட்டும். ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் வருவது குறையும், பொட்டாசியம் வெளியேறும், செல் அடங்கிவிடும். வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே மங்கிப்போகும்.

அபினுக்கென்று உடம்பு ஏன் பூட்டு வைத்திருக்கிறது என்று கேட்டேன். 1973-ல் ஏற்பியைக் கண்டுபிடித்ததுமே எழுந்த கேள்வியாம் அது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் பன்றி மூளையிலிருந்து விடையைப் பிரித்தெடுத்தார்கள்: என்கெஃபலின். உடம்பு தானே சமைத்துக்கொள்ளும் அபின். (பன்றி விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. நீயும் உளறாதே.)

சித்தப்பா சொன்னது முழுப் பொய்யுமில்லை. உடம்பு பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் மியூ இருப்பதால் அளவு மீறினால் ஆபத்து. வேளையும் அளவும் நோட்டில் குறித்துவைக்கிறேன்.

குடலிலும் அதே மியூதான். வலி அடங்கியது, மலச்சிக்கல் வந்தது. மற்ற தொந்தரவுகள் பெரும்பாலும் நாளாக நாளாகப் பழகினாலும் குடல் மட்டும் லேசில் பழகாதாம். காலையில் வீடே அவர் பாத்ரூம் கதவைப் பார்த்தபடி காத்திருக்கிறது. திருப்பதி பஸ்ஸில் உன் மானத்தைக் காத்த, பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையும் இந்தக் குடும்பம்தான்! சொன்ன அளவில் சாப்பிட்டால் குடலோடு நின்றுவிடும். அதில் கொஞ்சம் மூளைக்குள் நுழையப் பார்த்தாலும் வாசலில் ஒரு புரதம் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

நேற்று அப்பா சொன்னார்: "வலி இருக்குடா, ஆனா பக்கத்து ரூம்ல இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "இதை ஏன் முன்னாடியே குடுக்கலை?" என்றார்.

கடையில் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு முன்னாலேயே வா. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்,
ரகு