மணலில் இரண்டு ராத்திரி

அன்பு மகளுக்கு,

நண்பர்களோடு பாலைவனத்தில் இரண்டு ராத்திரி தங்கப் போவதாகச் சொன்னாய். தடுப்பதற்காக இதை எழுதவில்லை, தாராளமாகப் போய் வா. அமாவாசையை ஒட்டிப் போகிறீர்கள் என்றதும் எனக்கு ரொம்ப சந்தோஷம், நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும். விளக்குகளை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

நீங்கள் எல்லோரும் வெயிலை நினைத்துத்தான் தயாராவீர்கள். எனக்குக் கவலை ராத்திரியைப் பற்றி. காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை, பகல் சூடு தங்குவதற்கு வழியே இல்லை. விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். அப்போதுதான் யாராவது கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வரலாம் என்பார்கள். விடாதே அம்மா. புகையே இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று சமாதானம் சொல்வார்கள், போதாது. ரொம்பக் கெடுபிடி செய்கிறாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துக்கொள்.

வெளியே மூட்டும் நெருப்பையும் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். மேலே ஆறின மாதிரி இருக்கும், அடியில் மணிக்கணக்காகத் தணல் கிடக்கும். வெறுங்காலோடு வருகிறவர் அதை மிதித்தால் பாதம் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

அப்புறம், இடம். காய்ந்த ஓடைப் படுகை கூடாரம் போட வாகாகத் தெரியும்: சமதளம், காற்றுக்கு மறைவு, நாலு புதர். அந்தப் புதர்க் கிளைகளை உற்றுப் பார். சருகும் குச்சியும் ஒரே பக்கமாகச் சிக்கியிருந்தால், வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கோ தொலைவில் கொட்டிய மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே அந்த வழியாக வந்துவிடும். மேட்டில் போடுங்கள்.

காலையில் ஷூவை உதறிவிட்டுப் போட்டுக்கொள், தேள் இருக்கும். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். ஒரு நாளுக்கு உபரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க உங்களில் ஒருவருக்குத் தெரியும் என்றாய், சரி. திரும்ப அடிக்க பம்ப் இருக்கிறதா என்று கேள். வண்டி புதைந்து நின்றுவிட்டால் உதவி தேடி நடக்கக் கிளம்பாதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான், நிழலும் அதில்தான் இருக்கிறது.

எந்த வழியாகப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் சிக்னல் உள்ள இடத்துக்குத் திரும்புவீர்கள் என்று கிளம்பும் முன் எழுதி அனுப்பு. அந்த நேரம் தாண்டினால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற நம்பரையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா